டீச்சர் வீட்டுக் குரலும் முப்பத்திரண்டு பிட் பேக்கேஜும்

பிள்ளைகளே, அந்தக் குரல் உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஸ்ரீரங்கத்தில் டீச்சர் வீட்டுக்கு வந்தீர்கள். அங்கே கம்ப்யூட்டர் பேசியதைக் கேட்டுவிட்டு, ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் அதே மாதிரி மூச்சு விடாமல் பேசிக்காட்டி அம்மாவிடம் திட்டு வாங்கினீர்கள்.

போன மாதம் பாப்பா பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பாவின் வேலை என்ற இடத்தில் ‘கம்ப்யூட்டர் ரிப்பேர்’ என்று எழுதினாள். தப்பில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் நான் செய்வது அதுதான். ஆனால் டீச்சருக்காக அந்த ஒரு வாரம் நான் செய்ததை ரிப்பேர் என்று சொல்ல முடியாது. பின்னே என்ன என்று பாப்பா கேட்டபோது எனக்கு வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் வரலாம் என்று எழுதுகிறேன். நான் ப்ளஸ் டூவும் ஆறு மாத ஹார்டுவேர் கோர்ஸும் படித்தவன். எங்கேயாவது தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சருக்குப் பிறந்ததிலிருந்தே கண் பார்வை இல்லை. பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்துகிறார். திரையில் இருப்பதை ஒரு புரோகிராம் வாசித்துக்கொடுக்க, அதைக் கேட்டே பாடக்குறிப்பு எழுதுவார், கேள்வித்தாள் தயாரிப்பார். வாசிக்கிற புரோகிராம் ஒன்று, அதற்குக் குரல் கொடுக்கிற புரோகிராம் இன்னொன்று. டீச்சர் வைத்திருந்த தமிழ்க் குரலை வெகு நாளைக்கு முன்னால் ஒரு கல்லூரி மாணவர் தன் படிப்புக்காகச் செய்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பிறகு அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் புரோகிராமை எழுதிய மூலம் அவரோடு போய்விட்டது. நம்மிடம் இருந்தது மெஷின் ஓட்டுகிற வடிவம் மட்டும். சமைத்த குழம்பு இருக்கிறது, என்னென்ன போட்டார் என்ற குறிப்பு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து மெஷின்கள் முப்பத்திரண்டு பிட். இப்போது கடையில் விற்பதெல்லாம் அறுபத்துநாலு பிட். மெஷினின் இந்த வகைக்குத்தான் ஆர்க்கிடெக்சர் என்று பெயர். டீச்சரின் குரல் முப்பத்திரண்டு பிட்டுக்குச் செய்தது. அவருடைய பழைய கம்ப்யூட்டரும் அதே வகை என்பதால் இத்தனை வருஷம் தொந்தரவு இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அதன் போர்டு புகைந்து செத்தது. மறுநாளே டீச்சரின் தம்பி ஒரு புது லேப்டாப் வாங்கிக் கொடுத்துவிட்டார். நான் அதில் கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் என்ற அடிப்படைப் புரோகிராமைப் போட்டு, பாடக்குறிப்புகளைப் பென்டிரைவிலிருந்து மாற்றிக் கொடுத்தேன். லினக்ஸோடு வந்த வேறொரு குரல் பேசத் தொடங்கியது.

அந்தக் குரல் போதாதா என்று கேட்டேன்.

“பேசறது. ஆனா நான் கேக்கற வேகத்துக்கு ஏத்தினா வார்த்தையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிண்டுடறது,” என்றார் டீச்சர்.

மெதுவாக வைத்துக் கேட்டால் ஒரு பாடக்குறிப்புக்கு அரை நாள் ஆகும். அதற்கு நேரமும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை பள்ளியில் கல்வி அதிகாரிகளின் மேற்பார்வை. இனிமேல் பாடக்குறிப்பை ஒவ்வொரு டீச்சரும் தானே கம்ப்யூட்டரில் திருத்தி, தானே துறையின் இணையதளத்தில் ஏற்றவேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. வருகிறவர்கள் முன்னால் அதைச் செய்து காட்டவேண்டும். முடியவில்லை என்றால் ப்ளஸ் ஒன் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, டீச்சரை நூலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தாராம். இதை டீச்சர் மழை வரும் போலிருக்கிறது என்பது மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லும்போது மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

டீச்சர் வீட்டில் வேலை பார்க்க ஒரு வழக்கம் உண்டு. நான் வேலை செய்யும்போது திரையில் எது வந்தாலும் நான் சத்தமாகப் படிக்கவேண்டும். என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும். தப்பாகப் படித்தால் டீச்சர் திருத்துவார், சில சமயம் சிரிப்பார். ஆனால் ஒரு வரி விடாமல் படிக்கவேண்டும். அது அவருடைய கம்ப்யூட்டர், அதில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவேண்டும் இல்லையா.

புதன்கிழமை செத்த கம்ப்யூட்டரின் டிஸ்க்கிலிருந்து பழைய குரலை எடுத்து, அப்படியே புது லேப்டாப்பில் காப்பி செய்து ஓட்டிப் பார்த்தேன். அந்தப் பெயரில் ஃபைலே இல்லை என்று திரையில் வந்தது. படித்தேன்.

“இப்பதானே காப்பி பண்ணினேன்னேள்?”

“பண்ணினேங்க டீச்சர். இங்கேயே இருக்கு. இருந்துக்கிட்டே இல்லேங்குது.”

“பெருமாளைப் பத்திப் பேசற மாதிரின்னா இருக்கு,” என்றார் டீச்சர்.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தபின்தான் விஷயம் புரிந்தது. ஃபைல் இருந்தது. அதை எடுத்து ஓட்டுவதற்கு முப்பத்திரண்டு பிட்டில் வேறு சில உதவி ஃபைல்கள் வேண்டும். அவற்றுக்கு லைப்ரரி என்று பெயர். புது லேப்டாப்பில் லைப்ரரிகள் எல்லாம் அறுபத்துநாலு பிட். முப்பத்திரண்டு பிட் சாமான்களும் இங்கே வரலாம் என்று லினக்ஸுக்கு ஒரு வரியில் அனுமதி கொடுத்தால், அவற்றையும் பக்கத்திலேயே கொண்டுவந்து வைக்கும்.

இதைக் கையாலேயே செய்துவிடலாம். ஆனால் நாளைக்கு லினக்ஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது, கையால் வைத்ததை அது கணக்கில் எடுக்காது. பள்ளி ஆசிரியர் அறைக் கம்ப்யூட்டரிலும் குரல் வேண்டுமென்றால் டீச்சர் தானே போட்டுக்கொள்ளவேண்டும், நான் அங்கே போய் உட்கார முடியாது. அதனால் பேக்கேஜாகக் கட்டிவிட நினைத்தேன். பேக்கேஜ் என்றால் புரோகிராமையும், அதற்கு என்னென்ன தேவை என்ற பட்டியலையும் ஒன்றாகக் கட்டுவது. தேவை என்று எழுதியதையெல்லாம் லினக்ஸே தேடிக் கொண்டுவந்துவிடும். பட்டியலைச் சரியாக எழுதுவதுதான் வேலையே.

நான் எழுதிய பட்டியலில் மூன்று லைப்ரரிகள். கூடவே பைத்தான், அது புரோகிராம் எழுதுகிற ஒரு மொழி. திரையை வாசிக்கிற புரோகிராமுக்கும் குரலுக்கும் நடுவில் சேதி கொண்டுபோக நான் பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தேன், அதற்காக. எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜில் போட்டு, இது முப்பத்திரண்டு பிட் என்று மேலே எழுதினேன். வியாழக்கிழமை சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம்.

இன்ஸ்டால் கொடுத்தேன். திரை நிறைய ஒரு பட்டியல் வந்தது. இன்னென்ன வரும், இன்னென்ன நீக்கப்படும், சரியா என்று கேட்டது. அந்த நேரம் பார்த்து முதலாளி போன். சமயபுரத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர் பில் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து நிற்கிறார், நீ எங்கே சுற்றுகிறாய் என்று சத்தம். பட்டியலில் அறுபது பெயருக்கு மேல் இருக்கும். அத்தனையையும் என் இங்கிலீஷில் படித்தால் கால் மணி நேரம் ஆகும். படிக்கவில்லை. சரி என்பதற்கான கீயைத் தட்டினேன்.

இரண்டு நிமிஷம் வரிகள் ஓடின. அதுவரை மெதுவாகப் பேசிக்கொண்டிருந்த அந்த இன்னொரு குரல் ஒரு சொல்லின் பாதியில் நின்றது. படங்கள், ஜன்னல்கள் எல்லாம் போய்த் திரை கறுப்பானது. மேலே வெள்ளையாக ஒரு வரி மட்டும் இருந்தது.

“என்னாச்சு?” என்றார் டீச்சர்.

நான் டிஸ்க்கில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றேன். அது பொய். என்ன நடந்தது என்று முழுதாகத் தெரியாவிட்டாலும், டிஸ்க் இல்லை என்பது எனக்குத் தெரியும். டீச்சர் சரி என்றார். பார்த்துப் போகச் சொன்னார். காவிரிப் பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றபோது, அவர் இப்போது அந்தக் கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்திருப்பாரா, எழுந்து போயிருப்பாரா என்றுதான் யோசனை ஓடியது.

வெள்ளிக்கிழமை கடை திறக்குமுன் போய்ச் சொல்லிவிட்டேன். டிஸ்க் இல்லைங்க டீச்சர், நான்தான் படிக்காமல் தட்டிவிட்டேன், அதில் நிறைய அழிந்துபோச்சு என்றேன்.

“தெரியும். நேத்திக்கு நீங்கோ ஒரு வரி படிக்கலையே. போன் பேசிண்டே ஒரே ஒரு கீயைத் தட்டினேள்,” என்றார்.

“நேத்தே கேட்டிருக்கலாங்களே.”

“நீங்களா சொல்வேளான்னு இருந்தேன்.”

குறிப்புகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டார். இருந்தன. பென்டிரைவில் ஒரு நகலும் இருந்தது. பிறகு ஸ்டூலை எனக்கு நகர்த்திப் போட்டார்.

அன்றைக்கு எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். அதற்குமுன், லினக்ஸ் தான் செய்ததை எழுதிவைக்கும் ஃபைலைத் திறந்து, எது போய் எது வந்தது என்று டீச்சருக்குப் படித்தேன். பைத்தான் போயிருந்தது. அதை நம்பி இருந்த திரைவாசிப்புப் புரோகிராம் போயிருந்தது. மொத்த முகப்பும் போயிருந்தது. அதற்கு ஈடாக வந்தது எது தெரியுமா? பைத்தான்தான், முப்பத்திரண்டு பிட்டில்.

“போனதும் அதுவே, வந்ததும் அதுவேயா? ஏன் மாத்தித்து?” என்று டீச்சர் கேட்டார். கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்றேன். பேக்கேஜ் கட்டுவது பற்றிய பக்கங்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆர்க்கிடெக்சர் இரண்டு மூன்று கலந்து வரும்போது எப்படி எழுதவேண்டும் என்று அதில் ஒரு பகுதி இருந்தது. போனில் அகராதியைத் திறந்துவைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். புரிந்த மாதிரி இருக்கும், அடுத்த வரியில் போய்விடும்.

சனிக்கிழமை காலையில் நம் வீட்டுக் குக்கர் சீறியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முன்தினம் பாத்திரம் கழுவியது நான். மூன்று லிட்டர் குக்கர் கேஸ்கெட்டையும் ஐந்து லிட்டர் கேஸ்கெட்டையும் ஒரே ஆணியில் மாட்டிவிட்டேன். அம்மா அவசரத்தில் சின்னதை எடுத்துப் பெரிய மூடியில் இழுத்துப் பொருத்திவிட்டாள். பருப்புத் தண்ணீர் சுவரெல்லாம் அடித்தது.

“ஊர்ல உள்ள கம்ப்யூட்டரையெல்லாம் பிரிச்சுச் சேர்க்கிறீங்க. ரெண்டு கேஸ்கெட்டைத் தனித்தனியா மாட்டத் தெரியலையா?” என்றாள்.

நான் சுத்தியலை எடுத்து இரண்டாவது ஆணி அடித்தேன். அடித்து முடித்து, பிரிண்ட் எடுத்த தாளுக்குத் திரும்பினால், நேற்று மண்டையில் ஏறாதது ஏறியது. நீங்களும் குக்கரை வைத்தே பாருங்கள்.

லைப்ரரி கேஸ்கெட் மாதிரி. முப்பத்திரண்டு பிட் புரோகிராமுக்கு முப்பத்திரண்டு பிட் லைப்ரரிதான் பொருந்தும். ஆனால் ஒரே லைப்ரரி இரண்டு அளவிலும் ஒரே வீட்டில் இருக்கலாம், தனித்தனி ஆணி இருந்தால். லினக்ஸில் அந்த ஆணிகள் தனித்தனி ஃபோல்டர்கள். அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக்கூடிய பேக்கேஜ்களில் ‘சேம்’ என்று ஒரு குறி போட்டிருப்பார்கள். என் பட்டியலில் இருந்த மூன்று லைப்ரரிகளிலும் அந்தக் குறி இருந்தது. அவற்றால் தொல்லை இல்லை.

பைத்தான் அப்படி இல்லை, அது அடுப்பு மாதிரி. நம் சமையல் மேடையில் ஓர் அடுப்புக்குத்தான் இடம். இன்னொன்று வேண்டுமென்றால் இருப்பதைத் தூக்கவேண்டும். நான் எழுதியது முப்பத்திரண்டு பிட் பேக்கேஜ். அதில் பைத்தான் தேவை என்று மொட்டையாக எழுதியதால், முப்பத்திரண்டு பிட் பைத்தான்தான் தேவை என்று லினக்ஸ் எடுத்துக்கொண்டது. இருந்த அடுப்பைத் தூக்கியது. அதன்மேல் இருந்த பாத்திரமெல்லாம் கூடவே போயின. எழுதியபடி அது செய்தது, எழுதியது நான். டீச்சரின் கேள்விக்குப் பதில் அதுதான்.

மூன்றாவது ஒன்று உண்டு. குக்கர் ரிப்பேருக்குப் போயிருந்தபோது மாடி வீட்டு அக்கா நமக்குச் சாதம் வடித்துக் கொடுத்தார்களே, அவர்கள் குக்கர் எத்தனை லிட்டர் என்று நாம் கேட்டோமா? சாதம் வந்தால் போதும். டீச்சரின் குரலும் அப்படித்தான். எழுத்தைக் கொடுத்தால் பேசும். கொடுக்கிறவர் எந்த பிட் என்று பார்க்காது, வாங்குகிறவர் அது எந்த பிட் என்று பார்க்கவேண்டியதில்லை. அப்படிப்பட்ட பேக்கேஜில் நாமே ‘ஃபாரின்’ என்று குறி போடவேண்டும். நான் போடவில்லை.

அதனால் ஒன்றை இரண்டாகப் பிரித்தேன். ஒன்று குரல் மட்டும். முப்பத்திரண்டு பிட், ஃபாரின் குறி, தேவைப் பட்டியலில் மூன்று லைப்ரரிகள் மட்டும். இன்னொன்று என் பைத்தான் புரோகிராம். அது எந்த மெஷினிலும் ஓடும் வகை என்று எழுதி, தேவைப் பட்டியலில் பைத்தானையும் அந்தக் குரலையும் சேர்த்தேன். இப்போது அது மெஷினில் இருக்கும் பைத்தானையே எடுத்துக்கொள்ளும். படிப்பதற்கு இரண்டு நாள், பிரிப்பதற்கு ஒரு மணி நேரம்.

என் கம்ப்யூட்டரில் ஏற்கனவே என்னென்னவோ போட்டுவைத்திருக்கிறேன். அதில் ஓடிற்று என்றால் நம்பக்கூடாது. கடையில் கிடந்த ஒரு மெஷினை முழுதாகத் துடைத்து, புதிதாக லினக்ஸ் போட்டு, அதில் சோதித்தேன். டீச்சர் வீட்டில் படிப்பது போலவே வந்த வரியையெல்லாம் சத்தமாகப் படித்தேன். முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா, சாமி வந்துடுச்சா?”

“முந்தாநாள் படிக்காமத்தாண்ணே கெட்டுச்சு,” என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் பேப்பருக்குத் திரும்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர் வீடு. பென்டிரைவைச் செருகி, இரண்டு பேக்கேஜையும் சேர்த்துக் கொடுத்தேன். பட்டியல் வந்தது. இந்தத் தடவை சின்னதுதான். புதிதாக வருபவை என்று ஒவ்வொரு பெயராக எழுத்துக் கூட்டிப் படித்தேன். லைப்ரரி பெயர்களின் கடைசியில் முப்பத்திரண்டு பிட் அடையாளம் இருந்ததையும் விடாமல் படித்தேன். டீச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரியில், நீக்கப்படுபவை பூஜ்யம் என்று இருந்தது.

“அந்த வரியை இன்னொரு தடவை படியுங்கோ.”

படித்தேன்.

“பைத்தான்னு எங்கேயாவது வந்துதா?”

“வரலைங்க டீச்சர். இருக்கறதே போதும்னு எடுத்துக்கிச்சு.”

“அப்போ கீயை நான் தட்டறேன்,” என்றார். ஸ்டூலை விட்டு எழுந்து இடம் கொடுத்தேன். விரலால் தேடி அந்தக் கீயைக் கண்டுபிடித்து, ஒரு நொடி வைத்திருந்து, தட்டினார்.

வரிகள் ஓடி நின்றன. இன்னொரு குரல் பேசிக்கொண்டேதான் இருந்தது, அறுபடவில்லை. அமைப்புகளுக்குப் போய்க் குரலை மாற்றினார். பழைய குரல் வந்தது. கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, கரகரவென்று, உங்களுக்குத் தெரிந்த அதே குரல். டீச்சர் வேகத்தை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்காட்டியதைவிட வேகம். தன் பாடக்குறிப்பைத் திறந்து கேட்டார், நடுவில் நிறுத்தினார், ஓர் எழுத்தைத் திருத்தினார், மறுபடி ஓடவிட்டார். நான் இருப்பதையே மறந்துவிட்டார் என்று நினைத்து மெதுவாகப் பையை எடுத்தேன்.

“காபி குடிக்காம போகப்படாது,” என்றார், குரலை நிறுத்தாமலே.

கிளம்பும்போது இரண்டு பேக்கேஜும் இருந்த பென்டிரைவை அவரிடமே கொடுத்துவிட்டேன். ஆசிரியர் அறைக் கம்ப்யூட்டரில் போடும்போது யாரையாவது பட்டியலைப் படிக்கச் சொல்லுங்கள், நீக்கப்படுவது பூஜ்யம் என்று வந்தால் மட்டும் தட்டுங்கள் என்றேன். எனக்கே பாடம் எடுக்கிறீர்களா என்று சிரித்தார்.

திங்கட்கிழமை கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு பிரிண்டரைத் திறந்து, ஸ்க்ரூ எங்கே வைத்தேன் என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்தேன். மேற்பார்வை பத்து மணிக்கு. பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. போன் செய்யலாமா என்று எடுத்து, அவர் மேற்பார்வைக்காரர்கள் முன்னால் இருக்கும்போது மணி அடித்தால் என்ன ஆவது என்று வைத்துவிட்டேன். சாப்பாட்டு நேரம் முடியும்போது டீச்சரே கூப்பிட்டார். எடுத்தேன். அவருக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் கொட்டிக்கொண்டிருந்தது.

“கேக்கறதா?” என்றார்.

“கேக்குதுங்க டீச்சர். ஆனா ஒரு வார்த்தைகூடப் புரியலை.”

“வந்தவாளுக்கும் புரியலை. இதை வெச்சுண்டு எப்படிம்மா படிக்கிறீங்கன்னு கேட்டா. ஒரு பக்கத்தைப் படிக்கவிட்டு, அப்படியே திருப்பிச் சொன்னேன். அவா முன்னாடியே திருத்தி ஏத்திட்டேன்.”

நல்லதுங்க என்றேன். போனில் பள்ளிக்கூட மணி கேட்டது.

“வெச்சுடட்டுமா?” என்றார் டீச்சர். “பெல் அடிச்சாச்சு. ப்ளஸ் ஒன் கிளாசுக்குப் போகணும்.”